பனியன் ஊரில் ‘பர்சனல் பிராண்ட்’: வேலை தேடுகிறவன் தன்னைப் பற்றித் தானே பேசலாமா?

14 செப்டம்பர் 2025, மாலை 6.15 – கேள்வி

வணக்கம்ங்க. திருப்பூரில் ஒன்பது வருஷமாக மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு பையரின் (வாங்குகிற கம்பெனியின்) ஆர்டரை ஆரம்பம் முதல் ஷிப்மென்ட் வரை கவனிக்கிறவனாக, இருந்தேன். முழுக்க அமெரிக்க ஆர்டர் செய்யும் கம்பெனி. ஆகஸ்ட் 27இல் அமெரிக்காவின் இறக்குமதி வரி 50 சதவீதம் ஆனதும் பையர் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தார். எங்கள் டீமில் ஆறு பேர். நான்கு பேரை “கொஞ்ச நாள் வீட்ல இருங்க, கூப்பிடறோம்” என்று அனுப்பிவிட்டார்கள். மச்சினன் ஐடியில் இருக்கிறான். லிங்க்ட்இன்னில் பர்சனல் பிராண்ட் உருவாக்குங்க மாமா, தினம் ஒரு போஸ்ட் போடுங்க என்கிறான். இதெல்லாம் ஐடிக்காரர்கள் சமாச்சாரம் இல்லையா? என்னைப் பற்றி நானே பெருமை பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அனுபவப்பட்ட அண்ணன்கள் சொல்லுங்க.

14 செப்டம்பர், இரவு 10.40 – பதில்

தம்பி, முதலில் கூச்சத்தை விடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். எனக்கே அது போக ஒன்பது வருஷம் ஆனதால் சொல்லவில்லை.

நான் இரண்டு தடவை வீட்டில் உட்கார்ந்தவன். முதல் தடவை 2011. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, ஜனவரி கடைசியில் சாயப்பட்டறைகளை மூடினார்கள். சாயம் இல்லாமல் துணி ஏது, துணி இல்லாமல் மெர்ச்சண்டைசர் எதற்கு? அப்போது வேலை தேடுவது என்றால் காதர்பேட்டையில் ஒரு டீ, ராயபுரத்தில் ஒரு டீ. எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்பது இரண்டாவது டீக்குள் தெரிந்துவிடும்.

இரண்டாவது தடவை 2020 ஊரடங்கு. டீக்கடையே மூடிக் கிடந்தது. அப்போதுதான் லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்கினேன்.

சுருக்கமாகச் சொல்கிறேன். தினம் ஒரு போஸ்ட் தேவையில்லை. ஆள் தேடுகிறவன் என்ன வார்த்தை போட்டுத் தேடுவானோ அந்த வார்த்தையோடு நீங்கள் அங்கே இருந்தால் போதும். எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். மீதி நாளைக்கு. கரண்ட் போய்விட்டது, போனில் 9 சதவீதம்தான் இருக்கிறது.

15 செப்டம்பர், காலை 7.05

தினம் ஒரு போஸ்ட் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், நான் போட்டுப் பார்த்தவன்.

2020 ஜூன், ஜூலை. நாற்பது நாள். மொட்டை மாடியில் சூரியோதயத்தைப் படம் எடுப்பேன், அதன்மேல் ஒரு வாசகம். விழுந்தவன் எழுவான், எழுந்தவன் ஓடுவான் என்கிற ரகம். ஒன்றுக்கு 412 லைக் வந்தது. யார் போட்டார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். கூடப் படித்தவர்கள், எல்ஐசி ஏஜெண்டுகள், என்னைப் போலவே வேலை இல்லாமல் சூரியோதயம் போடுகிறவர்கள். “இன்ஸ்பையரிங் சார்” என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அவருக்கும் வேலை இல்லை.

நாற்பத்தோராம் நாள் வீட்டுக்காரம்மா சொன்னார்: “காலைல எந்திரிச்சு ஊருக்கெல்லாம் புத்தி சொல்றீங்க, சரி. உங்களுக்கு எப்பங்க வேலை கிடைக்கும்?” அன்றோடு நிறுத்தினேன்.

15 செப்டம்பர், மதியம் 1.30

சாப்பிடும்போது தோன்றியது. ‘நீயே ஒரு பிராண்ட்’ என்ற பேச்சைப் பிரபலமாக்கியவர் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க மேலாண்மை எழுத்தாளர். 1997இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எழுதினார். அதே 1997இல்தான் இங்கே நௌக்ரி.காம் என்ற வேலை தேடும் தளம் வந்தது. லிங்க்ட்இன் 2003. அந்த 1997இல் நான் கட்டிங் செக்ஷனில் அசிஸ்டண்ட். எனக்குத் தெரிந்த பிராண்ட் கழுத்தில் தைக்கிற லேபிள் மட்டும்தான்.

ஆனால் லேபிளிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. மெயின் லேபிளில் பெயர் மட்டும்தான் இருக்கும். அழகாக இருக்கும், விஷயம் ஒன்றும் இருக்காது. சட்டையைத் திருப்பி இடது சைடு சீமைப் பாருங்கள். வாஷ் கேர் லேபிள் தொங்கும். என்ன நூல், எத்தனை சதவீதம், எத்தனை டிகிரியில் துவைக்கலாம், எது கூடாது. உங்கள் மச்சினன் உங்களை மெயின் லேபிள் போடச் சொல்கிறான். நான் வாஷ் கேர் போடுங்கள் என்கிறேன்.

16 செப்டம்பர், இரவு 9.20

தலைப்பு வரி பற்றி. லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே 220 எழுத்து வரை இடம் தருகிறார்கள். தம்பி அனுப்பிய அவருடைய வரியைப் பார்த்தேன்: ‘சவாலான வாய்ப்பைத் தேடும் கடின உழைப்பாளி’ என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. யாராவது ‘கடின உழைப்பாளி’ என்று போட்டு ஆள் தேடுவார்களா? நீங்கள் துணி வாங்கும்போது ‘நல்ல துணி’ என்று கேட்டால் கடைக்காரர் என்ன தருவார்?

நான் அவருக்கு எழுதிக் கொடுத்தது, தமிழில் சொன்னால் இப்படி வரும்: நிட்வேர் மெர்ச்சண்டைசர், குழந்தைகள் உடை, 9 வருஷம், லேப் டிப் முதல் ஷிப்மென்ட் வரை, காட்ஸ் சான்றிதழ் வேலை தெரியும், திருப்பூர், உடனே சேர முடியும். அவ்வளவுதான். (லேப் டிப் என்பது பையரின் ஒப்புதலுக்கு அனுப்பும் சாய மாதிரி; காட்ஸ் என்பது ஆர்கானிக் துணிக்கான சான்றிதழ்.) அங்கே ஆங்கிலத்தில் போடுங்கள். தேடுகிறவர் ஆங்கிலத்தில்தான் தேடுவார்.

அமெரிக்க பையர் அனுபவத்தை மட்டும் முன்னால் தள்ளாதீர்கள். அங்கே அடுப்பு அணைந்திருக்கிறது. ஐரோப்பா ஆர்டர் ஒன்றிரண்டாவது பார்த்திருப்பீர்களே, அதை மேலே கொண்டு வாருங்கள். இங்கிலாந்தோடு ஜூலை 24இல் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. நடைமுறைக்கு இன்னும் வரவில்லை என்றாலும் கம்பெனிகள் இப்போதே அந்தப் பக்கம் ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டன.

17 செப்டம்பர், காலை 6.50

பெயரை மறந்துவிட்டேன். பிராண்டுக்கு முதலில் வேண்டியது பெயர்தானே, நமக்கு அங்கேயே இடிக்கும்.

லிங்க்ட்இன் கடைசிப் பெயர் கேட்கும். நம்மிடம் இருப்பது இனிஷியல். நான் ‘கே’ என்று போட்டேன். பையரிடமிருந்து ‘டியர் கே’ என்று மெயில் வந்தது. இது சரிப்படாது என்று அப்பா பெயரைப் போட்டேன். அப்புறம் ஜெர்மனியிலிருந்து ‘மிஸ்டர் கந்தசாமி, ஷிப்மென்ட் ஏன் தாமதம்?’ என்று கேட்டார்கள். அப்பா தவறிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவரிடம் ஏன் கேட்கிறார்கள்?

சிரிப்பு ஒருபக்கம். ஆதார், பிஎஃப், ரெஸ்யூம், நௌக்ரி, லிங்க்ட்இன் ஐந்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். கொஞ்சம் பெரிய கம்பெனி என்றால் சேருவதற்கு முன் சரிபார்ப்பு உண்டு. ஓரிடத்தில் இனிஷியல் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் விரித்து எழுதியது என்று இருந்தால், மூன்று பேரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க உங்களுக்கு ஒரு வாரம் போய்விடும். எனக்குப் போனது.

அப்புறம் அந்த மெயில் ஐடி. காலேஜில் வைத்ததாக இருக்கலாம். ‘ராக்கிங்’ என்ற சொல் அதில் வேண்டாம் தம்பி.

17 செப்டம்பர், இரவு 11.15

கூச்சத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பில் எங்கள் தமிழய்யா நன்னூல் பாயிரத்திலிருந்து ஒன்று சொன்னார். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்று பவணந்தி முனிவர் அடித்துச் சொல்கிறார். சொன்ன கையோடு மூன்று இடத்தில் விலக்கும் கொடுக்கிறார். ராஜாவின் சபைக்கு ஓலை எழுதும்போது புகழலாம். தன் திறமை தெரியாதவர்கள் நடுவில் புகழலாம். சபையில் வாதாடி ஜெயிக்க வேண்டிய நேரத்தில் புகழலாம்.

ஓலை என்பது ரெஸ்யூம். திறமை தெரியாதவர்கள் என்றால் எச்ஆர். வாதம் என்பது சம்பளப் பேச்சு. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அனுமதி வாங்கி வைத்துவிட்டார்கள், நீங்கள் 2025இல் கூச்சப்படுகிறீர்கள். அது புலவர்களுக்குச் சொன்னது, பனியன்காரனுக்கு இல்லை என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

18 செப்டம்பர், காலை 8.10

சண்டைக்கு வந்துவிட்டார்கள். தமிழாசிரியர் ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார். மூன்று அல்ல, நான்கு. நான் விட்டது: எதிராளி தன்னைப் பழித்த நேரத்திலும் புகழலாம். மன்னிக்கணும் அய்யா.

போயும் போயும் இதை விட்டேனே. நம் ஊருக்கு இதுதான் முக்கியம். இங்கே ரெஃபரன்ஸ் என்றால் உங்கள் பழைய ஜி.எம்.-க்கு ஒரு போன். அவர் என்ன மனநிலையில் இருக்கிறாரோ அதுதான் உங்கள் ஜாதகம்.

2011இல் நான் வெளியே வந்த கம்பெனியில், அதற்கு முந்தைய சீசனில் ஒரு ஆர்டர் தாமதமாகி, கப்பலுக்குப் பதில் ஏர் ஷிப்மென்ட்டில் போனது. விமானச் செலவு கம்பெனி தலையில். பழி என் தலையில். நான் போன இடமெல்லாம் ‘அவரு ஏர்ல அனுப்பினவர்ங்க’ என்ற பேச்சு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. நல்ல காலம், தேதிகளை டைரியில் எழுதும் பழக்கம் எனக்கு இருந்தது. லேப் டிப் அனுப்பியது எந்தத் தேதி, ஒப்புதல் வந்தது எந்தத் தேதி. நடுவில் 19 நாள் பையரிடமே கிடந்தது. மூன்றாவது இன்டர்வியூவில் அவர்கள் கேட்கும் முன்பே நானே சொன்னேன், தேதியோடு. கம்பெனி பெயரும் சொல்லவில்லை, ஜி.எம்.-மைக் குறையும் சொல்லவில்லை. எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த வேலை கிடைத்தது.

தம்பி, டைரி எழுதுங்கள். போஸ்டைவிட அது முக்கியம்.

21 செப்டம்பர், ஞாயிறு, மாலை 4.00

“என்ன போடுவது என்றே தெரியவில்லை அண்ணா” என்கிறார் தம்பி. என் கதையையே சொல்கிறேன்.

2020 ஆகஸ்ட். பையனுடைய டீஷர்ட் துவைத்துக் காய்ந்து கொடியில் கிடந்தது. சைடு சீம் முறுக்கிக்கொண்டு தொப்புள் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பழக்க தோஷம், ஸ்கேலை எடுத்தேன். அக்குளிலிருந்து அடிமடிப்பு வரை தையல் 40 செ.மீ. அடியில் 4 செ.மீ. முன்பக்கம் நகர்ந்திருந்தது. நாலை நாற்பதால் வகுத்து நூறால் பெருக்கினால் பத்து. பத்து சதவீத ஸ்பைராலிட்டி. ஐந்தைத் தாண்டினாலே பெரும்பாலான பையர்கள் முகம் சுளிப்பார்கள்.

அதைத் தரையில் விரித்து, ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, படம் எடுத்தேன். கீழே ஆறு வரி. சிங்கிள் ஜெர்சியில் (டீஷர்ட்டுக்கான ஒற்றைப் பின்னல் துணி) நூலின் முறுக்கு அடங்காமல் இருந்தால், தண்ணீர் பட்டதும் அது தன் பக்கம் திரும்பும், துணியையும் கூட இழுத்துக்கொண்டு போகும். வட்ட மெஷினில் ஃபீடர் (நூல் ஊட்டும் இடம்) கூடக் கூடக் கோணலும் கூடும். ஃபினிஷிங்கில் இழுத்து நேராக்கி அனுப்பினால் கடையில் ஒழுங்காகத் தொங்கும்; முதல் துவைப்பில் குட்டு உடையும். அதனால் துவைத்துப் பார்க்காமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள். இவ்வளவுதான் எழுதினேன்.

பதினோரு லைக். அதில் ஒன்று மச்சான்.

மூன்று வாரம் கழித்து பெங்களூரிலிருந்து போன். வெளிநாட்டு பையர்களுக்காகச் சரக்கு வாங்கித் தரும் ஒரு பையிங் ஹவுஸின் குவாலிட்டி மேனேஜர். “ஸ்கேல் வைத்துப் படம் போட்டவர் நீங்கள்தானே?” இன்டர்வியூவில் மேஜைமேல் ஐந்து டீஷர்ட் கிடந்தது. கேள்வியே கேட்கவில்லை, எது தேறாது சொல்லுங்கள் என்றார். இன்றைக்கும் அந்த வேலையில்தான் இருக்கிறேன்.

412 லைக்கும் 11 லைக்கும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

22 செப்டம்பர், காலை 7.30

நேற்று எழுதியதில் ஒரு எச்சரிக்கை விட்டுப்போனது. அது என் மகனின் டீஷர்ட், கடையில் வாங்கியது, லேபிள் படத்தில் விழாமல் எடுத்தது. இதைக் கவனியுங்கள்.

ஏனென்றால் வேலையில் சேர்ந்த அடுத்த வருஷம், தலைக்கனம் ஏறி, ஒரு பிபி சாம்பிளில் (உற்பத்திக்கு முன் ஒப்புதலுக்குத் தைக்கும் மாதிரி) பிரின்ட் எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது என்று படம் போட்டேன். குட்டி யானை பிரின்ட், அடுத்த வசந்தத்துக்கு உள்ளது. பையர் கடையிலேயே ஆறு மாசம் கழித்துத்தான் வரும். நாற்பது நிமிஷம் இருந்திருக்கும். இரவு ஒன்பதரைக்கு மேனேஜர் போன். திட்டவில்லை; “எடுத்துடுங்க” என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரி தூங்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

டெக் பேக் (பையர் தரும் டிசைன், அளவு விவரம்), பையர் பெயர், எஃப்ஓபி விலை (கப்பலில் ஏற்றித் தரும் விலை), வெளிவராத டிசைன் இதில் எதுவும் வேண்டாம். சொந்தச் சட்டை, சொந்த ஸ்கேல், சொந்தக் கண். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது) பார்க்கிற கட்டர் இருந்தால் பழைய துணியில் ஒரு வட்டம் வெட்டுங்கள். 100 சதுர செ.மீ. வரும். தராசில் 1.62 கிராம் காட்டினால் 162 ஜிஎஸ்எம். இதைக்கூடத் தெரியாமல் பையரோடு பேசுகிற புதுப் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்காக எழுதுகிற மாதிரி எழுதினால் உங்களுக்குப் பெருமை பேசுகிற உணர்வே வராது.

25 செப்டம்பர், இரவு 8.45

பச்சை வளையம் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ‘வேலைக்குத் தயார்’ என்று படத்தைச் சுற்றி வருகிறதே, 2020இல் வந்தது. வேலை போய்விட்டதென்றால் போடுங்கள், அதில் என்ன வெட்கம்? வேலையில் இருந்துகொண்டே தேடுகிறவர்கள், ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைக்கலாம். சொந்தக் கம்பெனி ஆட்களுக்குத் தெரியாமல் மறைக்கப் பார்ப்போம், உத்தரவாதம் இல்லை என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது. திருப்பூரில் எப்படியும் உங்கள் முதலாளியின் சம்பந்திக்குத் தெரிந்துவிடும்.

27 செப்டம்பர், காலை 10.20

ஒரு அம்மணி, அவரும் மெர்ச்சண்டைசர், எழுதியிருப்பதைப் படித்தேன். போன் நம்பரைப் போட்ட இரண்டாம் நாளிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு ‘ஹாய்’, ‘சாப்டீங்களா’ என்று மெசேஜ் வருகிறதாம். வேலைக்கு என்று கூப்பிட்ட ஒருவர் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டாராம்.

நான் இதுவரை எழுதியது எல்லாம் ஆம்பிளை புத்தி. படத்தைப் போடு, நம்பரைப் போடு, எல்லாருக்கும் தெரியட்டும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அவர் இப்போது செய்திருப்பது: வேலைக்கென்று தனி மெயில், நம்பர் இல்லை, படம் கம்பெனி ஐடி கார்டில் இருக்கிற மாதிரி ஒன்று. பேசத் தகுந்த ஆள் என்று தெரிந்தபிறகு நம்பர். இதில் நான் சேர்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை. முந்தைய குறிப்பெல்லாம் இதோடு சேர்த்தே படியுங்கள்.

5 அக்டோபர், இரவு 10.00

இது பெரிய திருத்தம். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இன்று அவிநாசியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலை எனக்குத் தெரிந்த டையிங் மாஸ்டர். ரசம் வருகிற நேரத்தில் பேச்சுவாக்கில் சொல்கிறார்: “பெங்களூர்க்காரன் உன்னையப் பத்தி எங்கிட்டதான மொதல்ல கேட்டான்?” எனக்குக் கை நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். அந்த மேனேஜர் திருப்பூரில் நம்பகமான ஒரு ஆள் வேண்டும் என்று மாஸ்டரிடம் கேட்டிருக்கிறார். மாஸ்டர் சொன்னாராம், “ஒருத்தன் இருக்கான். ஷேடு விஷயத்துல கண்ணு கறார், வாய் கொஞ்சம் நீளம்.” அதன்பிறகுதான் அவர் என் பெயரைப் போட்டுப் பார்த்து, ஸ்கேல் படத்தைப் பார்த்திருக்கிறார். ஐந்து வருஷமாக நான் கதையைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, மாஸ்டருக்கு என் கண் எப்படித் தெரியும்? 2014. ஒரு நேவி புளூ. அவருடைய பட்டறையில் ராத்திரி பதினொன்றுக்கு லைட் பாக்ஸ் (பல வகை விளக்கில் நிறம் பார்க்கும் பெட்டி) முன்னால் நின்றோம். டி65 வெளிச்சத்தில், அதாவது பகல் வெளிச்சத்துக்கு நிகரானதில், பையரின் ஸ்வாட்ச்சும் (மாதிரித் துண்டு) துணியும் ஒன்றாகவே இருந்தன. டிஎல்84க்கு மாற்றினேன், ஐரோப்பாவில் கடைகளுக்குள் இருக்கும் விளக்குக்காக வைத்திருப்பது. துணி சிவப்படித்தது. இதை அனுப்ப முடியாது என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பகல்ல பாத்தாச் சரியாத்தான இருக்குது, ராத்திரில எவன் பாக்கறான்?” என்றார். கடையில் எப்போதும் விளக்குதான் மாஸ்டர் என்றேன். இரண்டு மணி வரைக்கும் சண்டை. மறுபடி சாயம் போட்டார். மூன்று மாசம் என்னோடு பேசவில்லை.

அன்றைக்குப் படம் எடுக்கவும் இல்லை, எங்கேயும் போடவும் இல்லை.

6 அக்டோபர், காலை 6.30

தூங்கி எழுந்து யோசித்ததில், அதற்காக லிங்க்ட்இன் வீண் என்று சொல்லவும் மனசு வரவில்லை. மாஸ்டர் சொன்ன பெயரைத் தேடிப் பார்த்தபோது நாற்பது சூரியோதயம் மட்டும் இருந்திருந்தால் அந்த மேனேஜர் என்ன நினைத்திருப்பார்? சொன்னதும் பார்த்ததும் பொருந்தியதால்தான் போன் வந்தது. ஷேடு பார்ப்பது மாதிரியேதான், இரண்டு விளக்கிலும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும்.

முதல் நாள் எழுதிய ‘எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான்’ என்ற வரியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

11 அக்டோபர், மாலை 5.10

நம் ஊரில் உண்மையான புரொஃபைல் வாட்ஸ்அப்தான், அதைச் சொல்லாமல் லிங்க்ட்இன்னையே பிடித்துத் தொங்குகிறோம். கட்டிங் மாஸ்டர், பிரின்டிங்காரர், பேக்கிங் கான்ட்ராக்டர் ஒருவரும் லிங்க்ட்இன்னில் இல்லை. எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். உங்கள் ஸ்டேட்டஸைத் தினமும் பார்க்கிறார்கள். தம்பியின் நம்பரைச் சேமித்துப் பார்த்தேன். டிபியில் விஜய். ஸ்டேட்டஸில் ‘நம்பிக்கைத் துரோகம்’ பற்றி ஒரு கவிதை.

தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் உங்கள் பழைய கம்பெனி ஆட்களும் அதைப் பார்க்கிறார்கள், ஆர்டர் திரும்பினால் கூப்பிட வேண்டியவர்களும் அவர்கள்தான். கவிதையை எடுங்கள். விஜய் இருக்கட்டும் என்றால் வீட்டு நம்பரில் இருக்கட்டும். லிங்க்ட்இன்னில் போட்ட அதே ஜிஎஸ்எம் படத்தை ஸ்டேட்டஸிலும் போடுங்கள்.

11 அக்டோபர், மாலை 5.25

விஜய் ரசிகர்கள் என்னை விடுங்கள். எந்த நடிகராக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

16 அக்டோபர், இரவு 9.00

20ஆம் தேதி தீபாவளி. இப்போது யாருக்கும் ரெஸ்யூம் அனுப்பாதீர்கள். போனஸ் பட்டுவாடாவில் முதலாளிகள் கண்ணே தெரியாமல் இருப்பார்கள். ஊருக்குப் போன டெய்லர்கள் திரும்பி வந்து லைன் ஓடத் தொடங்க நவம்பர் முதல் வாரம் ஆகிவிடும். அப்போது அனுப்புங்கள். நௌக்ரியில் மட்டும் புரொஃபைலை அவ்வப்போது தொட்டு வையுங்கள், ஒரு வரி மாற்றினாலும் போதும். சமீபத்தில் யார் உள்ளே வந்தார்கள் என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி ரெக்ரூட்டர்களுக்கு உண்டு.

பதிவுக் கட்டணம், டிரெய்னிங் கட்டணம் என்று 2,500 ரூபாய் கேட்கிறவர் வேலை தருகிறவர் இல்லை. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

9 நவம்பர், இரவு 7.40

தம்பியிடமிருந்து செய்தி. மூன்று போஸ்ட் போட்டாராம். ஜிஎஸ்எம் வட்டத்துக்கு 23 லைக். பட்டன் இழுவைச் சோதனை பற்றிய ஒன்றுக்கு 8. குழந்தைச் சட்டையில் பட்டன் பிய்ந்து வாய்க்குள் போனால் என்ன ஆகும் என்று அவர் எழுதியிருந்தது என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. ஒரு தகப்பன் எழுதிய மாதிரி இருந்தது. மூன்றாவது போஸ்ட் ஊக்கமூட்டும் வாசகம். “சும்மா போட்டுப் பார்த்தேன் அண்ணா, 190 வந்துச்சு” என்கிறார். நான் என்ன சொல்ல?

8 டிசம்பர், இரவு 10.30

தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது. 15ஆம் தேதி சேருகிறார். இங்கிலாந்து ஆர்டர் செய்யும் யூனிட், பி.என். ரோடு பக்கம், குழந்தைகள் உடை. சம்பளம் பழையதைவிட மூவாயிரம் கம்மி. ஆறு மாசத்தில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எழுதி வாங்குங்கள் என்றேன், வாங்கவில்லை.

எப்படிக் கிடைத்தது? பழைய கம்பெனியில் கூட இருந்த கட்டிங் மாஸ்டர். பட்டன் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்து, “நீ சும்மாதான் இருக்கியா கண்ணு?” என்று கூப்பிட்டிருக்கிறார். இவர் மூன்று மாசமாகச் சும்மா இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாதாம். அந்த யூனிட்டின் மேனேஜர் லிங்க்ட்இன்னைத் திறந்தாரா என்று கேட்டேன். திறந்தாராம், இன்டர்வியூ முடிந்தபிறகு. தம்பியின் மச்சினனும் நானும் ஆளுக்குப் பாதி ஜெயித்தோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

10 டிசம்பர், காலை 7.15

தம்பி ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறார், ரொம்பத் தயங்கி. “அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தலைப்பு வரியில மெர்ச்சண்டைசர்ங்கறதுல ஒரு எழுத்து தப்பா இருக்குது.”

போய்ப் பார்த்தேன். ‘எஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘சி’. 2020லிருந்து அப்படியே இருக்கிறது. ஐந்து வருஷம். தேடுகிறவன் வார்த்தையோடு இருங்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அந்த வார்த்தையைப் போட்டுத் தேடிய ஒருவர் கண்ணிலும் நான் பட்டிருக்கவே மாட்டேன். டையிங் மாஸ்டருக்கு இதைச் சொன்னால் இன்னொரு கல்யாணம் வரைக்கும் சிரிப்பார்.

திருத்திவிட்டேன்.

14 டிசம்பர், இரவு 9.50

திருத்தி நான்கு நாளில் இரண்டு மெசேஜ். ஒன்று, இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆகச் சொல்லி. இன்னொன்று ஜோர்டானில் ஒரு கார்மெண்ட் ஃபேக்டரி, மெர்ச்சண்டைசிங் மேனேஜர், இரண்டு வருஷ கான்ட்ராக்ட், தங்குமிடம் அவர்கள் பொறுப்பு. ‘டியர் கந்தசாமி’ என்று ஆரம்பித்திருக்கிறார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.